மொறிஸ் மைனர் 1000 மீட்டெடுப்பு: எதை முதலில், எதைக் கடைசியில்? ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரை வீட்டு முற்றத்தில் வைத்து, ஓய்வு நாள்களில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதற்கான வழிகாட்டி இது. இங்கே எடுத்துக்கொள்வது மைனர் 1000. 1956 முதல் 1962 வரை அது 948 சி.சி. எஞ்சினுடன் வந்தது, அதன்பின் 1971 வரை 1098 சி.சி. முன் கண்ணாடி ஒரே துண்டாக இருந்தால் உங்களிடம் இருப்பது 1000தான். நடுவில் பிரிந்திருந்தால் அது முந்திய மாதிரி. உடற்பகுதி பற்றி இங்கே சொல்பவை அதற்கும் பொருந்தும், எஞ்சின் அளவுகள் பொருந்தாது.

வேலை பாதியில் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் ஒழுங்கு பிழைப்பதுதான். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிடுவார்கள். அல்லது ஆசையில் முதலில் பெயின்ற் அடித்துவிட்டு, பிறகு அதன்மேலேயே வெல்டிங் பிடிப்பார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் ஒரு வேலையை இரண்டாம் முறை செய்ய நேராது.

## 1. ஸ்பனரைத் தொடுமுன்

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சஸி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பலமுறை எஞ்சின் மாறியிருக்கும். இலக்கம் பொருந்தாத வண்டிக்கு ஒரு சதம் செலவழிக்குமுன் அந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். முடித்தபின் தீர்ப்பது பல மடங்கு கடினம்.

கார் 3.76 மீற்றர் நீளம், 1.55 மீற்றர் அகலம். சுற்றிவர ஒன்றரை மீற்றராவது நடக்க இடம் வேண்டும். தரை சீமெந்தாக இருக்கட்டும், மேலே கூரை இருக்கட்டும். கழற்றிய உடலின் மேல் ஒரு மழை விழுந்தால் அடுத்த நாளே கறள் பிடிக்கும்.

ஸ்பனர்கள் அங்குல அளவில் வேண்டும்: 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. அவசரத்துக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனரை 1/2 அங்குல நட்டில் போடுவது வழக்கம். புது நட்டில் அது பிடிக்கும். அறுபது ஆண்டு இறுகிய நட்டில் மூலைகளை மழுக்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இவற்றோடு ரோர்க் ஸ்பனர் (இறுக்கும் விசையைக் காட்டுவது), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் தகடுகள்), கொம்பிரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது), மல்ரிமீற்றர், கிரீஸ் கன், நான்கு இரும்புத் தாங்கிகள் தேவை. தாங்கிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லை அடுக்கவே வேண்டாம். அது முன்னறிவிப்பில்லாமல் வெடித்து நொருங்கும், கீழே நீங்கள் இருப்பீர்கள்.

## 2. கறள் எங்கே, எவ்வளவு

மைனருக்குத் தனிச் சஸி கிடையாது. தளம், கதவடிப் பெட்டிகள், முன்னே நீளும் இரு கால்கள், நடுக் குறுக்குச்சட்டம் எல்லாம் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே மட்கார்டில் உள்ள ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மட்கார்ட்கள் நான்கும் நட்டுகளைக் கழற்றி மாற்றக்கூடியவை. பயப்பட வேண்டியவை வேறு.

டோர்ச், சிறு சுத்தியல், கூரான ஸ்குரூ டிறைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். நல்ல தகடு தட்டினால் கணீரென ஒலிக்கும். பட்டியும் (ஓட்டையையும் பள்ளத்தையும் நிரப்பப் பூசும் பசை) கறளும் மந்தமாக ஒலிக்கும். ஸ்குரூ டிறைவரை அழுத்தினால் உள்ளே போகும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள்.

முதலில் நடுக் குறுக்குச்சட்டத்தின் இரு முனைகள். ஜாக் வைக்கும் இடமும் அதுதான், முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை பிடிக்கப்பட்டிருக்கும் இடமும் அதுதான். இது உக்கினால் வண்டியின் ஒரு பக்கம் தாழத் தொடங்கும். அடுத்து முன் கால்கள், குறிப்பாகச் சாரதிப் பக்கம். அங்கே பிரேக் ஒயில் கசிந்து பெயின்றைத் தின்றிருக்கும். பிறகு பின் ஸ்பிரிங்குகளின் இரு முனைகளும் தொங்கும் இடங்கள். டிக்கித் தரையைத் தூக்கிவிட்டும் பாருங்கள். கடைசியாகக் கதவடிப் பெட்டியும் அது தளத்தோடு சேரும் விளிம்பும்.

ஒரு சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கதவை மூடி, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஜாக் முனையில் அந்தப் பக்கத்தை மெதுவாக உயர்த்துங்கள். இடைவெளி குறைந்தாலோ கதவு திறக்க இறுகினாலோ உடல் மடிகிறது என்று பொருள். உயர்த்தும்போது நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

புதுப் பெயின்ற் மினுங்கும் வண்டியானால் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை விளிம்புகளில் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி.

குறுக்குச்சட்டம், இரு முன் கால்கள், பின் ஸ்பிரிங் தாங்கிகள் மூன்றும் ஒன்றாகப் போயிருந்தால் வீட்டு முற்றத்தில் அதை மீட்க முயல வேண்டாம் என்பதே என் கருத்து. அதை உதிரிப்பாகத்துக்கு வைத்துக்கொண்டு நல்ல உடலுள்ள வேறொன்றைத் தேடுங்கள். எஞ்சின் கிடைக்கும், கியர் பெட்டி கிடைக்கும். நேராக நிற்கும் உடல்தான் அரிது. மரச் சட்டமுள்ள ட்ரவலர் வண்டியில் அந்த மரமும் பாரம் தாங்கும் உறுப்புத்தான். உக்கிய மரத்தில் பட்டி வைத்து வார்னிஷ் பூசுவது கறளை மூடிப் பெயின்ற் அடிப்பதற்குச் சமம்.

## 3. எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தல்

கழற்றுமுன் எஞ்சினின் நிலையை அறிய வேண்டும். செலவுக் கணக்கில் பாதி அதைப் பொறுத்தது.

பற்றரியை வைத்து ஸ்ராட்டரை அழுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஒட்டிக்கிடக்கும் பிஸ்ரன் ரிங் அந்த விசையில் உடையும். கறள் பிடித்த சிலிண்டர் சுவர் கீறப்படும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு முன்னாலுள்ள ஓட்டையால் கைச்சாவியைச் செருகி மெதுவாகத் திருப்புங்கள். மைனருக்கு அந்த வசதி இருப்பது பெரிய பேறு. அசையவில்லையா? முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள், மேலும் ஒயில் விடுங்கள். சாவிக்குக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம்.

தாராளமாகச் சுற்றத் தொடங்கியபின் கொம்பிரஷன் பாருங்கள். பிளக்குகள் நான்கும் வெளியே, காபரேற்றர் வாய் முழுதாகத் திறந்தபடி. நல்ல எஞ்சினில் அது சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலை அண்டியிருக்கும். ஆனால் தனி எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வேறுபாடே முக்கியம். பத்து வீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் சிறிது ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு ஒருசேரக் குறைந்தால் அவற்றுக்கு இடையில் ஹெட் காஸ்கெற் போயிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியானால் கொம்பிரஷன் நன்றாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். அந்த ஒயிலில் ஓடிய பெயாரிங்குகள் தேய்ந்திருக்கும். ஒயில் தட்டைக் கழற்றி, கொனெக்ரிங் றொட் பெயாரிங் மூடிகள் இரண்டையாவது திறந்து பாருங்கள். வெள்ளி நிறத்துக்குக் கீழே செம்பு நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டும். கரி தடிப்பாகப் படிந்த ஹெட்டையும் இறக்கியே ஆக வேண்டும்.

## 4. கழற்றும் முறை

முழுவதையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஒரு பகுதியைக் கழற்றி, செய்து முடித்து, பொதிசெய்து வைத்தபின் அடுத்ததைத் தொடுங்கள். உடல் வேலைக்காக எஞ்சினையும் கியர் பெட்டியையும் வெளியே எடுக்க நேர்ந்தால் அவற்றைத் தனி மேடையில் மூடிவையுங்கள்.

கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பையும் மூன்று கோணத்தில் படமெடுங்கள். நட்டையும் போல்ட்டையும் அவை இருந்த துளையிலேயே கையால் திருப்பி வைக்க முடிந்தால் அதுவே சிறந்த பெயர்ச்சீட்டு. மற்றவற்றைச் சிறு பைகளில் போட்டு, எழுதிய துண்டைப் பைக்குள்ளேயே வையுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஒயில் பட்டால் உரியும்.

பழைய பாகம் எதையும் புதியது வந்து பொருந்தும்வரை எறிய வேண்டாம். புதிதாக வரும் உதிரிப்பாகம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று எண்ணுவது பெரிய ஏமாற்றத்தைத் தரும். பழையதை வைத்துத்தான் அளவு ஒப்பிட முடியும்.

## 5. உடலும் வெல்டிங்கும்

வெல்டிங்குக்கு முன் பெற்றோல் தாங்கியை வெளியே எடுத்துவிடுங்கள். டிக்கிக்குக் கீழே திருகாணிகளில் தொங்கும் அது. வெறுந்தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவி. பற்றரியையும் அகற்றுங்கள்.

குறுக்குச்சட்டத்தைத் தொடுவதானால் அதற்கு முன் முறுக்குக் கம்பிகளின் இறுக்கத்தை எடுத்துவிட வேண்டும். இதில் கவனம் பிசகினால் கை போகும். மைனரில் முன் ஷொக் அப்சோபரின் கையே மேல் தாங்கியாகவும் வேலை செய்கிறது. கீழ்க் கைக்கு (சில்லைக் கீழ்ப்புறம் தாங்கும் தண்டு) ஜாக் கொடுக்காமல் மேல் இணைப்பைக் கழற்றினால் முறுக்குக் கம்பி முழு விசையோடு அந்தத் தண்டைக் கீழே அடிக்கும். கீழ்க் கையின் வெளிமுனைக்கு ஜாக், பிறகு மேல் இணைப்பைக் கழற்றுதல், பிறகு ஜாக்கை அங்குலம் அங்குலமாக இறக்குதல். இந்த வரிசைதான்.

கதவடிப் பெட்டியை வெட்டுமுன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தூணுக்குத் தூண் பிடித்துவிடுங்கள். பிடிக்காமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டை ஒட்டிவிட்டால் கதவு இனி ஒருபோதும் சரியாகப் பூட்டாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்தபின்தான் மறுபக்கத்தை வெட்ட வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் பொட்டுப் பொட்டாக ஒட்டியவுடன் கதவைத் தொங்கவிட்டு மூடிப் பாருங்கள், பிறகு முழுதாக ஒட்டுங்கள்.

பாரம் தாங்கும் இடங்களுக்கு 1.2 மில்லிமீற்றர் தகடு. வெளித் தோலுக்கு 0.9 போதும். கறள் பிடித்த இடத்தை மட்டும் வெட்டினால் போதாது. சுத்தமான உலோகம் தெரியும்வரை வெட்டுங்கள். மெலிந்த தகட்டின்மேல் வெல்டிங் நிற்காது, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். பழைய தகட்டின்மேலேயே புதியதைச் சாத்தி ஒட்டும் வழக்கத்தைப் பல கராஜ்களில் காணலாம். இரண்டுக்கும் இடையே ஈரம் தங்கி, புதியதையும் உள்ளிருந்து தின்னும்.

நீளமான கோடாக ஒட்டாமல் 20 மில்லிமீற்றர் ஒட்டி, தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் 20 ஒட்டி வாருங்கள். சூடு ஓரிடத்தில் கூடினால் தகடு அலையாக நெளியும். வெளித்தோலில் அந்த நெளிவை மறைக்கவே பிறகு கிலோக் கணக்கில் பட்டி போகிறது.

வெல்டிங் முடிந்த அன்றே எப்பொக்சி பிரைமர் பூசுங்கள். கடலோர ஊர்களில் வெறும் தகடு ஓரிரவில் சிவக்கும். அடிப்பக்கத்துக்கும் எஞ்சின் அறைக்கும் இந்தக் கட்டத்திலேயே இறுதி நிறம் கொடுத்துவிடலாம். வெளிப்புறம் பிரைமரோடு நிற்கட்டும்.

## 6. முன் சில்லுத் தாங்கிகள்

மைனரின் மிக ஆபத்தான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேல் கீழ் முனைகள் மரைபோட்டவை. அவை ட்ரன்னியன் என்ற துண்டுகளுக்குள் திருகி நிற்கின்றன. ஸ்டியரிங் திரும்பும்போது இந்த மரைதான் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று வந்து, சில்லு மட்கார்டுக்குள் மடியும்.

சோதிக்கும் விதம்: சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பழுது சில்லின் பெயாரிங்கில். நிற்காவிட்டால் ட்ரன்னியனில். தேய்ந்தால் தண்டையும் ட்ரன்னியனையும் சேர்த்தே மாற்றுங்கள். இடதும் வலதும் வேறு வேறு. மாற்றிப் பொருத்த முடியாது.

பொருத்தும்போது மரையை முழுதாக இறுக்கிவிட்டு, ஸ்டியரிங் இரு பக்கமும் கடைசிவரை தடையின்றித் திரும்பும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இறுக்கியபடியே விட்டால் முழுதாகத் திருப்பும்போது மரை கடித்துக்கொள்ளும்.

கிரீஸ் அடிப்பது ஒவ்வொரு 1,000 மைலுக்கும், அதாவது 1,600 கிலோமீற்றருக்கும் ஒருமுறை. சில்லு தரையில் நிற்க அடித்தால் பாரம் அழுத்தும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. வண்டியை உயர்த்தி, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

## 7. பிரேக்

எஞ்சினை ஓட்டுமுன் பிரேக் முடிந்திருக்க வேண்டும். எஞ்சின் உறுமத் தொடங்கினால் வண்டியை முற்றத்தில் ஒரு சுற்றாவது நகர்த்தாமல் யாராலும் இருக்க முடியாது.

மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று. எங்கே ஒரு சொட்டுக் கசிந்தாலும் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் இல்லை. எனவே பாதி பழையது, பாதி புதியது என்று செய்ய வேண்டாம். வீல் சிலிண்டர்கள், இறப்பர்க் குழாய்கள், 3/16 அங்குல உலோகக் குழாய்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். பல ஆண்டு நின்ற வண்டியின் சிலிண்டர்ச் சுவரில் கறள் குழி விழுந்திருக்கும். அதில் புது இறப்பர் போட்டால் சில வாரங்களில் கிழியும்.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே, முன் காலின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் போல்ட்டுகளை உருவ முறுக்குக் கம்பி இடம்கொடாது. ஐந்தாம் கட்டத்தில் முறுக்குக் கம்பி இறங்கியிருக்கும்போதே இதையும் எடுத்துச் செய்துவிடுவது நல்லது. திரும்பப் போடும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமிருந்து செருகினால் அடுத்தமுறை முறுக்குக் கம்பியைத் தொடாமலே கழற்றலாம்.

ஒயில் ஊற்றும் மூடியும் தளத்தில்தான். திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தால் இறப்பர் வெட்டுப்படும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். மிதிதண்டுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் சிறு தளர்வு இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் ஒயில் திரும்பிவர வழியின்றி, சில நிமிட ஓட்டத்தில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் பிரேக் சூவைக் குற்றஞ்சாட்டுமுன் இந்த இரண்டையும் பாருங்கள்.

முன் சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சரிசெய் திருகுகள், பின்னால் ஒவ்வொன்று. பிரேக் குழாய்களில் தங்கிய காற்றை எடுக்குமுன் எல்லாவற்றையும் இறுக்கி, சூ டிரம்மைப் பிடிக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்ரன்கள் அசையும் தூரம் குறைவதால் காற்று எளிதில் வெளியேறும். பலர் தளர்ந்த சூவோடு காற்றெடுக்க முயன்று, மிதி பஞ்சாகவே இருக்கிறதென்று மாஸ்ரர் சிலிண்டரை மாற்றுகிறார்கள். மாஸ்ரர் சிலிண்டருக்குத் தொலைவான இடப் பின் சில்லில் தொடங்கி, வலப் பின், இட முன், வல முன் என்று வாருங்கள். முடிந்தபின் சூக்களை, சில்லு உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

பின் டிரம்முக்குள் ஒயில் ஈரம் கண்டால் அது அச்சுப் பெட்டி ஒயில். ஹப் சீலும் காஸ்கெற்றும் போயிருக்கும், அல்லது அச்சுப் பெட்டியின் காற்றுத் துளை அடைபட்டு ஒயிலை வெளியே தள்ளியிருக்கும். ஒயில் குடித்த சூவைப் பெற்றோலில் கழுவிப் பயனில்லை. இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

## 8. எஞ்சின் மேற்பகுதி

ஹெட்டை இறக்கி லேத் பட்டறையில் மட்டம் பார்க்கக் கொடுங்கள். இன்று விற்கும் பெற்றோலில் ஈயம் இல்லை. பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் ஈயப் பூச்சை நம்பியவை. வேகமாகவும் தூரமாகவும் ஓட எண்ணினால் புகை வால்வுகளுக்குக் கடின இருக்கை போடும் நேரம் இதுதான்.

ஹெட் இறங்கியிருக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று, தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய இறப்பர்க் குழாய். ஹெட் இருக்கும்போது அதை மாற்ற விரல் நுழையாது. மலிவான இந்தத் துண்டு நடுவழியில் வெடித்தால் தண்ணீர் முழுதும் போய் எஞ்சின் கொதிக்கும்.

தண்ணீர்ச் சேறு நான்காம் சிலிண்டரைச் சுற்றித் தங்கும். எஞ்சின் உடலிலுள்ள வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் வராமல் போகலாம். அது காலி என்று பொருளல்ல, அடைபட்டிருக்கிறது. கழற்றிக் கம்பியால் குத்தி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். இதைச் செய்யாமல் ரேடியேற்றரை மட்டும் கழுவிவிட்டு, வண்டி ஏன் சூடாகிறதென்று கேட்பவர்கள் பலர்.

ஹெட்டின் ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தடவையாகக் கூட்டி, 40 அடி-இறாத்தலுக்கு இறுக்குங்கள். அவற்றில் நான்கு ரொக்கர் தண்டின் கால்களையும் சேர்த்துப் பிடிப்பவை. எனவே ஹெட்டை இறுக்கும் ஒவ்வொரு முறையும் வால்வு இடைவெளி மாறும், திரும்பப் பார்க்க வேண்டும்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்க 0.012 அங்குலம் (0.30 மில்லிமீற்றர்). எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாம் வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். ஆறு அழுந்தியிருந்தால் மூன்றை. கூட்டினால் ஒன்பது.

## 9. பெற்றோல் வழி

தாங்கி, குழாய், பம்ப், காபரேற்றர் என்ற ஒழுங்கில் சுத்தம் செய்யுங்கள். காபரேற்றரில் தொடங்கினால் தாங்கியின் கறள் தூள் மறுநாளே அதற்குள் வந்து நிற்கும். மண்ணெண்ணெய்க்காகச் செய்த குழாய் மாற்றங்கள் இருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். இறப்பர்க் குழாய்கள் எல்லாம் புதிது.

மைனரில் வரும் எஸ்.யூ. நிறுவன மின்பம்ப் நெடுநாள் நின்றால் உள்ளேயுள்ள பொயின்ற் ஒட்டிக்கொள்ளும் அல்லது அழுக்கேறும். சாவியைத் திருப்பினால் சில தடவை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் பொயின்றைச் சுத்தம் செய்யுங்கள். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை.

எஸ்.யூ. காபரேற்றரின் மேல் மணியைக் கழற்றிப் பிஸ்ரனையும் கிண்ணத்தையும் பெற்றோலில் துடைத்துப் போடுங்கள். உப்புத்தாள் படவே கூடாது. பொருத்தியபின் பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால் ‘டக்’ என்று விழ வேண்டும். விழாவிட்டால் ஊசி ஜெற்றின் நடுவில் இல்லை. மேல் மணியின் தண்டுக்குள் மெல்லிய ஒயில் விட மறந்தால் வேகம் கூட்டும்போது எஞ்சின் திக்கும். 948 எஞ்சினில் வரும் காபரேற்றரின் ஜெற்றைச் சுற்றியுள்ள தக்கை வளையங்கள் காய்ந்து சுருங்கியிருக்கும். அங்கே பெற்றோல் ஒழுகி, புகைக் குழாய்க்கு அருகில் சொட்டும். தீப்பிடிக்க வேறு காரணம் தேவையில்லை.

## 10. மின்சாரம்

மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். பழக்கத்தில் மாற்றி மாட்டிவிட்டால் டைனமோ திசைமாறி மின்னேற்றாது. மீட்க, டைனமோவின் இரு வயர்களையும் கழற்றி, பற்றரியைச் சரியாக மாட்டி, எதிர்முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் சிறிய முனையைக் கணநேரம் தொட்டெடுங்கள்.

துணி சுற்றிய வயரின் உள் இறப்பர் காய்ந்து உதிரும். மடக்கிப் பாருங்கள், வெடித்தால் முழுத் தொகுதியும் மாற வேண்டும். மண்ணிற வயருக்கு ஃபியூஸ் கிடையாது, பற்றரியிலிருந்து நேரே வருகிறது. எந்த வயரை மாற்றாமல் விட்டாலும் அதை மட்டும் விட வேண்டாம். பற்றரியின் உயிர் முனையில் ஒரு துண்டிப்புச் சுவிச் போடுவது வண்டியின் பழைமையைக் கெடுக்காது.

விளக்கு மங்கல், ஹோர்ன் அடைப்பு, ஸ்ராட்டர் சோம்பல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் உடலோடு சேரும் இணைப்பில் கறளும் புதுப் பெயின்றும். அந்த இடங்களை உலோகம் தெரியச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

## 11. முதல் ஸ்ராட்

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஒயில், ஏறத்தாழ 3.7 லீற்றர். கியர் பெட்டிக்கும் எஞ்சின் ஒயில்தான், 1.3 லீற்றர், கியர் ஒயில் ஊற்ற வேண்டாம். பின் அச்சுக்கு 90 ஹைப்பொயிட் ஒயில், 0.85 லீற்றர்.

டிஸ்ரிபியூற்றரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. அதன் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். வலஞ்சுழியாக வயர் மாட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. முதல் சிலிண்டர் வெடிக்கும் நிலையை அறிய நான்காம் சிலிண்டரின் ரொக்கர்களைப் பாருங்கள். ஒன்று மூடி மற்றது திறக்கும் தருணத்தில் முதல் சிலிண்டர் வெடிக்கும் உச்சியில் நிற்கிறது. இதைப் பார்க்காமல் கப்பியின் அடையாளத்தை மட்டும் நம்பினால் ஒரு சுற்று மாறிப்போய்க் காபரேற்றரால் வெடிக்கும்.

பிளக் இல்லாமல், கொயில் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அணையவில்லையானால் பம்பில் ஒயில் பிடிக்கவில்லை. ஃபில்டர்க் குழாய் இணைப்பால் ஒயில் ஊற்றி மறுபடி முயலுங்கள். விளக்கு அணையாமல் ஒருபோதும் பெற்றோலைத் திறக்க வேண்டாம்.

கிளச் விடாமல் பிடித்திருந்தால் தட்டு பிளைவீலோடு ஒட்டியிருக்கிறது. மிதியைக் கட்டையால் அழுத்தி ஓரிரு நாள் விட்டால் பல வேளை விடுபடும்.

ஓடத் தொடங்கியதும் முதல் பார்வை ஒயில் அழுத்தத்தில்: ஓட்டத்தில் 60 இறாத்தலை அண்டி, சும்மா நிற்கும்போது 15க்குக் குறையாமல். கேம்தண்டு புதிதானால் சும்மா ஓட விடாமல் 2,000 சுற்றில் இருபது நிமிடம் பிடியுங்கள். தேய்ந்து பொருந்தும் காலம் அது. பிறகு காபரேற்றர்ப் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவு தூக்கிப் பாருங்கள். சத்தம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. உடனே விழுந்தால் குறைவு. சிறிது ஏறி இறங்கினால் சரி.

## 12. பெயின்ற், கண்ணாடி, இறப்பர்

வண்டி முற்றத்தில் ஓடி, நின்று, திரும்பியபின்தான் வெளிப் பெயின்ற். அதற்கு முன் அடித்தால் எஞ்சின் இறக்கும்போது பொனற் விளிம்பும், பிரேக் ஒயில் சிந்தும்போது கதவடியும் கெடும்.

பட்டி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது. உப்புத்தாள் 180, 320, 600 என்று போகட்டும். இரண்டு கலவைப் பெயின்ற் அடிக்கும்போது சாதாரணத் தூசி முகமூடி நுரையீரலைக் காக்காது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லையானால் அந்த வேலையைப் பெயின்ற் அறை உள்ளவரிடம் கொடுங்கள்.

கண்ணாடி இறப்பரின் உதட்டுக்குள் நைலோன் கயிற்றைச் சுற்றி, சவர்க்கார நீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் உதடு தானாக ஏறும். நிறம் முடிந்தபின் கதவடிப் பெட்டிகளுக்குள்ளும் குறுக்குச்சட்டத்துக்குள்ளும் மெழுகு பீச்சுங்கள். கீழேயுள்ள வடிதுளைகளை அடைத்துவிட வேண்டாம்.

## 13. முதல் 800 கிலோமீற்றர்

முதல் நாள் ஐந்து கிலோமீற்றர், ஸ்பனர் பெட்டியோடு. திரும்பி வந்து நான்கு டிரம்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சூ உரசுகிறது. சில்லு நட்டுகளை 50 கிலோமீற்றரில் மறுபடி இறுக்குங்கள். புதுப் பெயின்றின்மேல் இறுக்கிய நட்டு தளரும்.

எஞ்சினின் பின்பக்கம் ஒரு சொட்டு ஒயில் நின்றால் பதற வேண்டாம். அங்கே இறப்பர் சீல் இல்லை. சுருள் வெட்டு ஒன்றே ஒயிலைத் திருப்பி அனுப்புகிறது. சொட்டு ஓடையாக மாறினால் எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

800 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, எஞ்சின் முழுதும் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளை 40க்கு மறுபடி இறுக்கி, எட்டு வால்வுகளின் இடைவெளியையும் ஒன்பதுக் கணக்குப்படி மீண்டும் பாருங்கள். வடித்த ஒயிலை வெள்ளைத் துணியால் வடிகட்டி வெயிலில் பிடியுங்கள். மினுங்கும் வெள்ளித் துகள் அரும்பாக இருந்தால் புது எஞ்சினுக்கு அது இயல்பு. செம்பு நிறம் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு ஒயில் தட்டை இறக்குங்கள்.